கல்லில் வலது, தாளில் இடது

ராஜபாளையம்
12.6.1992

டீச்சருக்குத் தங்கபாய் எழுதுவது.

படம் அத்தனையும் அச்சாகி, காய்ந்து, கட்டி முடித்தாயிற்று. மாரிசாமி கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். அவன் சீட்டில் உட்காராமல் பார்சலை உட்காரவைத்துக் கொண்டு வருவான், பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, எண் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் முத்திரையை ஓரத்தில் அழுத்துவேன். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள். செப்டம்பரில் மெட்ராஸ் கண்காட்சி. அதில் எங்கள் பிரஸ்ஸின் பெயரைப் படத்துக்குக் கீழே போடுவார்கள் என்றும் சொன்னீர்கள். தீப்பெட்டிக்கும் மில் நூலுக்கும் லேபிள் அடித்த இடம். ஓவியர்கள் கல்லில் வரைந்து அதிலிருந்தே தாளில் அச்சடிக்க இந்தக் கல் அறையைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் ஐயாதுரையே சிரித்தார். அவர் ஆப்செட் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார், நான் கல்லைப் பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பரில் அவரையும் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன்.

ஒரு சின்ன விஷயம். நீங்கள் முதல் புரூஃபைப் பார்த்து "இப்படியே" என்று எழுதிவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டீர்கள். பிறகு நான் உட்கார்ந்து பார்க்கிறேன், உங்கள் அம்மா பந்தியில் இடது கையால் சோறு போடுகிற மாதிரி இருக்கிறது. கல்லில் வரைகிற எல்லாரும் செய்கிற தப்புதான். கல்லில் வலதாக இருப்பது தாளில் இடதாக விழும். போன வருஷம் ஹைதராபாத்தில் இருந்து வந்தவர் தன் பெயரைக் கல்லில் நேராக எழுதிவிட்டு, புரூஃபில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வந்ததும் மத்தியானம் சாப்பிடவே இல்லை. உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று நாங்களே சரி பண்ணிவிட்டோம். ஈர அச்சை இன்னொரு தாளில் ஒற்றி எடுத்து, அந்தத் தாளைப் புதுக் கல்லில் இறக்கினால் கை மாறிவிடும். மாரிசாமியும் நானும் ரெண்டு நாள் அதிலேயே நின்றோம். இப்போது பாருங்கள், மகாலட்சுமி மாதிரி வலது கையால் போடுகிறார்கள்.

இதற்கு நன்றி எல்லாம் சொல்ல வேண்டாம். பிரஸ்காரர் வேலை அது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.1992

மதிப்பிற்குரிய தங்கபாய் அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வருவதற்குள் அம்மா பிரித்துவிட்டாள். அவள் என்ன சொன்னாள் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

நான் தப்பாக வரையவில்லை. என் அம்மாவுக்கு இடது கைதான் வேலை செய்கிற கை. அந்தக் கையால் அவள் சோறு போடுவதைத்தான் வரைந்தேன். தாளில் இடது கை விழவேண்டும் என்பதற்காகவே கல்லில் வலது கையாக வரைந்தேன். பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு வரைந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எதற்கு என்று கேட்டீர்கள். திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, என்றேன். "புத்திசாலி" என்றுகூடச் சொன்னீர்கள். அதற்குப் பிறகும் எனக்கு இடது வலது தெரியாது என்று எப்படி நினைத்தீர்கள்?

ஒரு முறை ஒற்றி எடுத்து இன்னொரு கல்லுக்கு மாற்றியதில் கோடும் தடித்துவிட்டது. முகத்தில் நான் கிரீஸ் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த நிழல் முழுவதும் கரும்புள்ளியாக இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது விஷயம்.

இந்தத் தாள்களில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. முதல் கல்லை அப்படியே வைத்திருங்கள். சனிக்கிழமை வருகிறேன். அதிலிருந்தே மறுபடி அச்சிடலாம். காகிதச் செலவு என்னுடையது.

அன்புடன்
அமிர்தவல்லி


ராஜபாளையம்
16.6.1992

டீச்சர் அவர்களுக்கு,

சனிக்கிழமை வரவேண்டாம். முதல் கல் இல்லை. கை மாற்றிய அன்றைக்கே மணல் போட்டு அரைத்துப் படத்தை அழித்துவிட்டோம். ஆகஸ்டுக்குள் வருகிற ஓவியர்களுக்குக் கல் வேண்டும். என்னிடம் இருக்கிறதே கொஞ்சம் நல்ல கல். வேலை முடிந்தால் அரைத்துவிட வேண்டும், அப்போதுதான் யாரும் பிறகு திருட்டுக் காப்பி போட முடியாது, இது ஓவியர்கள் வழக்கம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நீங்கள்தான். லேபிள் காலத்தில் நாங்கள் ஒரு கல்லையும் லேசில் அரைக்க மாட்டோம்.

நீங்கள் எழுதியிருக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அஞ்சாங் கிளாஸ்தான். ஆனால் இந்தத் தொழிலில் என் தலை நரைத்திருக்கிறது, எனக்குப் பேத்தி இருக்கிறாள். ஒரு பார்ட்டி தப்பாகக் கொடுத்தால் அவரைக் கூப்பிட்டு "உமக்குத் தெரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது பிரஸ்ஸுக்கு மரியாதை இல்லை. சத்தம் போடாமல் திருத்திக் கொடுக்க வேண்டும். அவரும் தெரிந்தும் தெரியாத மாதிரி வாங்கிக்கொண்டு போவார். என் மாமனார் காலத்தில் இருந்து இதுதான் நடக்கிறது. ஒரு தடவை திருத்தாமல் விட்டோம். விளக்கை நீட்டுகிற பெண் படம், தீப்பெட்டி லேபிள். இடது கையால் நீட்டுகிறாள். பார்ட்டி கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தனை பண்டலும் திரும்பி வந்தது. பீச்சாங்கையால் விளக்குக் கொடுத்தால் எந்தக் கடைக்காரன் வாங்குவான் என்று எங்களைத்தான் கேட்டார். கையெழுத்துப் போட்டது அவர் என்று சொல்ல முடியுமா?

அதனால் "இப்படியே" என்று எழுதியிருந்தீர்கள் என்பதை என்னிடம் காட்ட வேண்டாம். புரூஃபில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை.

உங்கள் அம்மாவுக்கு இடது கைப் பழக்கம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு அம்மா அன்னக்கரண்டியோடு குனிகிறார்கள். பார்க்கிற யாரும் என்ன நினைப்பார்கள்? சோறு போடுகிற கை எது? நான் நினைத்ததில் தப்பு இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.6.1992

உரிமையாளர் அவர்களுக்கு,

கல் அரைக்கப்பட்டதை உங்கள் கடிதத்தில் இருந்து அறிந்தேன்.

நான் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு படத்தை வரைகிறவள் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமா? உங்களுக்கு வந்த சந்தேகத்தை ஒரு தபால் கார்டில் கேட்டிருந்தால் மறுநாள் பதில் கிடைத்திருக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

இப்போது சொல்கிறேன். அம்மா சிறுமியாக இருந்தபோது அவளுடைய இடது கையைத் துண்டால் தூணோடு கட்டிவைத்துச் சாப்பிடப் பழக்கினார்கள். சாப்பிடுவது மட்டும் வலது கைக்கு வந்தது. மற்ற எதுவும் வரவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு வன்னியம்பட்டியில் அப்பா வீட்டு விசேஷம் எதிலும் அவளைப் பந்தி விசாரிக்க விட்டதில்லை. "நொட்டாங்கைக்காரி, நீ உள்ள இருந்து அரிஞ்சு குடு" என்பார்கள். ஊருக்கே சமைப்பாள். பரிமாறுவது வேறு யாராவது. எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் அந்தக் கையால் போடுவாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. நாங்கள் வேறு யார் கையாலும் சாப்பிட்டு வளரவில்லை.

அவளை ஒரு பந்தி முழுவதற்கும் அந்தக் கையால் சோறு போடவைக்க வேண்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நடக்காதது. படத்தில் நடக்கட்டும் என்றுதான் வரைந்தேன். நீங்கள் அந்த வன்னியம்பட்டிக்காரர்கள் செய்ததையே செய்திருக்கிறீர்கள், கொஞ்சம் நல்ல காகிதத்தில்.

கண்காட்சிக்கு என் படம் வராது என்று மெட்ராஸுக்கு எழுதிவிட்டேன். உங்களிடம் வருவதாக இருக்கிற ஓவியர் வேதசிரோமணி, பிரஸ் எப்படி என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதலாம் என்றிருக்கிறேன்.

அ. அமிர்தவல்லி


ராஜபாளையம்
2.7.1992

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினதை நானே படித்துப் பார்த்தேன், அனுப்பக்கூடியதாக இல்லை. கிழித்துப் போட்டேன். வன்னியம்பட்டிக்காரர்களோடு என்னைச் சேர்த்தது எனக்கு ஆறவில்லை. அப்படி இருக்கும்போது நேற்று யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் அம்மா.

தனியாக பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லேபிள் பிரஸ் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லவில்லையாம். "அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா, நான் வந்துட்டேன்" என்றார்கள். எதற்கு வந்தார்கள் தெரியுமா? இன்னொரு படம் கேட்டு. சுந்தரபாண்டியத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு வேண்டுமாம். அவர்களிடம் இருக்கிற படத்தைப் பக்கத்து வீடு, எதிர்த்த வீடு எல்லாம் வந்து பார்த்தார்களாம். "எம்புட்டு லட்சணமாப் போட்டிருக்கு தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள்.

உங்களுக்கு அனுப்பியது போக மிஞ்சின தாள் ஒன்று இங்கே இருந்தது, கொடுத்தனுப்பினேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது, வேதசிரோமணி சார் வேலை இந்த மாதக் கடைசியில் முடிகிறது, அன்றைக்கு எங்கள் பிரஸ் பந்தி, நீங்களும் வரவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு ஓவியர் படம் முடிந்தால் கல் அறையிலேயே இலை போட்டு எல்லாரும் ஒன்றாக உட்காருவது எங்கள் வழக்கம், உங்களுக்குத் தெரியும். உங்கள் படத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை.

வேதசிரோமணி சார் வந்துவிட்டார். நீங்கள் எழுதினீர்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

இப்போது எனக்கு ஒன்று சொல்லுங்கள். படம் யாருடையது? வரைந்தவருடையதா, அச்சடித்தவருடையதா, படத்தில் இருக்கிறவருடையதா? படத்தில் இருக்கிறவர்களுக்கு நான் போட்டதுதான் பிடித்திருக்கிறது. பார்சல் பிரித்த அன்றைக்கு அம்மா என்ன சொன்னார்கள் என்பது கடிதத்துக்குத் தேவையில்லை என்று எழுதினீர்களே, ஏன் தேவையில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.7.1992

தங்கபாய் அம்மாவுக்கு,

ஆமாம். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கையை நல்ல கையாப் போட்டுட்டியேட்டி" என்றாள். இது அச்சில் நடந்த தப்பு, நான் போட்டது உன்னுடைய கையைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவளுக்கு வலது கைதான் பிடிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அதை நான் வரையவில்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

வேதசிரோமணிக்கு நான் எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அம்மாவின் கையைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

தாள்களை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். அம்மா வைத்திருக்கிற ஒன்றைத் தவிர. படத்தை நான் மறந்துவிடுகிறேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.

அம்மா இப்போது உங்கள் பந்திக்கு வருவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் வேறு சுட்டுக்கொண்டிருக்கிறாள், வலது மணிக்கட்டில். கேட்டால், கஞ்சி வடிக்கும்போது ஆவி அடித்துவிட்டது என்கிறாள். இத்தனை வருஷம் சமைத்தவள் இப்போது போய் எப்படிச் சுட்டுக்கொண்டாள் என்று தெரியவில்லை. மருந்து போட்டிருக்கிறேன். அங்கே வேலை எதுவும் செய்ய விடாதீர்கள்.

நான் வரவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது.

அமிர்தவல்லி


ராஜபாளையம்
27.7.1992

அமிர்தவல்லிக்கு,

டீச்சர் என்று எழுத வரவில்லை. கோபம் இல்லை. நீ என்றே எழுதுகிறேன். இதை முழுசாகப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

நேற்று பந்தி நடந்தது. வேதசிரோமணி சார், மாரிசாமி, ஆப்செட் பக்கத்துப் பையன்கள், என் வீட்டுக்காரர், எல்லாரும் கல் அறையில் உட்கார்ந்தார்கள். நான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்தேன். உன் அம்மா வந்து என் கையில் இருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். வேலை செய்ய விடாதே என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. சொன்னேன். கேட்கவில்லை. "இன்னைக்கி நான் போடுதேன்" என்றார்கள்.

வலது கையால் போட்டார்கள்.

முதல் இலையில் பாதிச் சோறு தரையில் விழுந்தது. கரண்டி நிற்கவில்லை. மாரிசாமி பார்த்தும் பார்க்காத மாதிரி இலையைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தான். பிறகு சாம்பார். வேதசிரோமணி சார் காலில் கொட்டிவிட்டது. அவர் நல்ல மனுஷர், "ஒண்ணும் இல்லம்மா, ஆறித்தான் இருக்கு" என்றார். ஆறியிருக்கவில்லை. உன் அம்மா மணிக்கட்டிலும் பட்டது, ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்த இடத்திலேயே.

நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு கல் கழுவுகிற தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டேன், "வராத கையால ஏன்க்கா போடுதீக? யாரு உங்கள இதுல போடச் சொன்னா?"

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படத்துல அப்படித்தான தாயி இருக்கு. மெட்ராஸ்ல ஊர்ப்பட்ட சனம் பாக்கப் போவுது. நாளைக்கி அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட உக்காந்தா, நான் வேற கையால போட்டா என்ன நினைப்பாக? மக பொய்யா வரைஞ்சிட்டான்னு சொல்லுவாகல்லா. அதான் பழகிட்டு இருக்கேன். இன்னும் செத்த நாள்ல வந்துரும்."

கஞ்சி வடிக்கும்போது ஆவி அடித்தது என்று உன்னிடம் சொன்னது அதுதான். நீ பள்ளிக்கூடம் போன பிறகு தினமும் வலது கையால் வடித்துப் பழகியிருக்கிறார்கள். சுவரில் படத்தைப் பார்த்துக்கொண்டு.

தொட்டித் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னேன். "அக்கா, அது உங்க மக வரைஞ்சது இல்ல. எங்க பிரஸ்ல தப்பு நடந்துபோச்சு. கை மாறி விழுந்துருச்சு." எங்கள் பிரஸ்ஸில் தப்பு நடந்தது என்று என் மாமனார் காலத்தில் இருந்து யாரும் வெளி ஆளிடம் சொன்னதில்லை. நீயும் இதை வெளியே சொல்லாதே.

உன் அம்மா இடது கையைத் தூக்கிக் காட்டி, "அப்ப என் மக இந்தக் கையவா போட்டா?" என்று கேட்டார்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

"பந்தியிலயா?"

"பந்தியிலதான்."

"எல்லாரும் பாக்கற படத்துலயா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இடது கையில் கரண்டியை எடுத்தார்கள். மோர்ச் சோறு மட்டும்தான் பாக்கி. எல்லாருக்கும் போட்டார்கள். என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாத்திரம் பார்க்கிற ஆள். அவர் இலைக்கு முன்னால் மட்டும் உன் அம்மா ஒரு நொடி தயங்கினார்கள். "எனக்கும் போடுங்க மதினி" என்றார். அந்த மனுஷனைக் கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

இருக்கிறதில் நல்ல கல்லை எடுத்து அரைத்து வைத்திருக்கிறேன். சாம்பல் நிறக் கல், நீ முதலில் கேட்டு நான் இல்லை என்று சொன்னேனே, அது. மெட்ராஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.7.1992

தங்கபாய் அம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கையால். சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "அந்த பிரஸ்கார அம்மா நல்ல பொம்பளை. தப்ப ஒத்துக்கிட்டா பாத்தியா" என்றாள். நீங்கள் வெளியே சொல்லாதே என்றீர்கள். அம்மா எதிர்த்த வீடு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

ஆடிப்பூரத் தேருக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அன்றே காலையில் வருகிறோம், இல்லாவிட்டால் மறுநாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கல்லுக்கு முன்னால் உட்காரவைத்து வரையப் போகிறேன். மறுபடி அந்தக் கண்ணாடியும் வரும்.

மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இடம் இருக்கிறதாம்.

என் நிபந்தனை ஒன்றுதான். அது உங்களுக்கே தெரியும், அதனால் எழுதவில்லை.

திரும்பி வந்த தாள்களை நீங்கள் கிழித்துவிடலாம். அம்மா தன்னிடம் இருந்ததைச் சுவரில் இருந்து எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டாள். நல்ல காகிதம், பூச்சி அரிக்காது என்கிறாள். சுந்தரபாண்டியத்துச் சித்தி மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாளாம்.

அமிர்தவல்லி


ராஜபாளையம்
9.8.1992

அமிர்தவல்லிக்கு,

இதோடு புரூஃப் ஒன்று வைத்திருக்கிறேன். நீ வரைந்த கல்லில் இருந்து நேராக எடுத்தது. நடுவில் எந்தத் தாளும் இல்லை. கல்லில் வலது, தாளில் இடது. முகத்தில் நிழல் நிழலாகவே விழுந்திருக்கிறது. நீ முன்னே புள்ளி என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

இன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து நானே ரோலர் பிடித்தேன். மாரிசாமி புரூஃபைப் பார்த்துவிட்டு, "கரண்டிக்குக் கீழ தரையில ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும்மா, ஊசியால எடுத்துருதேன்" என்று கிட்டே வந்தான். "தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்லே" என்றேன். பாவம், ரெண்டடி பின்னால் போய்விட்டான்.

நீ வரைந்துகொண்டிருக்கும்போதே உன் அம்மா உனக்கு ஒரு உருண்டை ஊட்டிவிட்டார்கள், நெய் விட்ட சோறு. அந்த நெய் விரல் பட்டிருந்தாலும் கல் பிடித்துக்கொள்ளும், அங்கே மை ஏறும். அல்லது நீயே வேண்டும் என்று வைத்த புள்ளியாக இருக்கலாம், சோற்றுப் பருக்கை என்று. எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் முடிவு பண்ணுவதாக இல்லை. எடுக்கவா, விடவா என்று ஒரு வரி எழுது. தபால் கார்டு போதும்.

படம் கெடாமல் இருக்கக் கல்லில் கோந்து பூசி வைத்திருக்கிறேன். பதில் வருகிற வரைக்கும் மெஷின் நிற்கும். வேறு வேலையும் ஏற்றவில்லை.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.8.1992

தங்கபாய் அம்மாவுக்கு,

அந்தப் புள்ளியை நான் வைக்கவில்லை. நீங்கள் சொன்னபடி நெய் விரலாகத்தான் இருக்கும்.

புரூஃபை அம்மாவிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலைத் தரையில் கொண்டுபோய் அந்தப் புள்ளிமேல் வைத்து, "ஒரு பருக்கை கீழ விழுந்துட்டேட்டி. பரவால்ல, இந்தக் கையில போட்டாலும் ஒண்ணு ரெண்டு விழத்தான செய்யும்" என்றாள்.

எடுக்க வேண்டாம். இப்படியே போடுங்கள்.

அமிர்தவல்லி